எல்லாருக்கும் ஒரே மெயில் அனுப்பும்போது பிசிசி எதற்கு?

ஜிமெயிலோ அவுட்லுக்கோ, புதிதாக ஒரு மெயில் எழுதத் திறந்தால் முகவரி போட மூன்று இடம் உண்டு: டூ, சிசி (கார்பன் காப்பி), பிசிசி (பிளைண்ட் கார்பன் காப்பி, அதாவது மறைவாகப் போகும் நகல்). யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் டூவில். "நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்" என்று சேர்க்கப்படுபவர் சிசியில். இந்த இரண்டிலும் இருக்கும் முகவரிகள், அந்த மெயில் கிடைக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பிசிசியில் போட்டவருக்கும் அதே மெயில் வரிக்கு வரி அப்படியே போகும், ஆனால் அவர் முகவரி மற்றவர் கண்ணில் படாது, பிசிசியிலேயே இருக்கும் இன்னொருவர் கண்ணிலும் படாது.

இது கணினிக்கு முந்தைய பழக்கம். தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த காலத்தில், யாருக்கெல்லாம் நகல் போகிறது என்று கடிதத்தின் அடியில் குறிப்பார்கள். சில நகல்கள் அந்தக் குறிப்பில் இடம்பெறாமலே போகும். மின்னஞ்சலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1982-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் தரத்திலேயே இந்த மூன்று வரிகளும் இருக்கின்றன.

பெரிய அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைப் பற்றி ஏதோ ஒரு பயிற்சியிலாவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நம் சிங்கப்பூரில் குழு மெயில் அனுப்புபவர்களில் பலர் அலுவலக வேலையாக அனுப்புவதில்லை. சமூக மன்றத்தில் பொங்கல் ஏற்பாட்டைக் கவனிக்கும் தொண்டூழியர், கோயில் அன்னதானத்துக்கு ஆள் சேர்ப்பவர், வீட்டிலேயே துணைப்பாடம் நடத்தும் தமிழாசிரியர், கூட்டுரிமை வீட்டு நிர்வாகக் குழுவில் மாட்டிக்கொண்ட ஒரு குடியிருப்பாளர், இவர்கள்தான் அனுப்புகிறார்கள். இவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு துணைப்பாட ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். தீபாவளி வாரத்தில் சனிக்கிழமை வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும், முப்பது பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். முப்பது முகவரியையும் சிசியில் போட்டு அனுப்பிவிட்டார். சொல்லவந்தது வகுப்பு நேரம் மட்டும்தான், அதில் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் மெயிலின் மேற்பகுதியை நிதானமாகப் பாருங்கள். ஒரு முகவரியில் முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தே இருக்கிறது. இன்னொன்று ஒரு வங்கியின் அலுவலக முகவரி, அந்த அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு அம்மா மகளின் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கிறார். ஒருவர் தன் முன்னாள் கணவருக்குத் தெரியக்கூடாது என்று புதிதாகத் திறந்த முகவரியைத் தந்திருக்கலாம், அந்த முன்னாள் கணவரும் பிள்ளையின் அப்பா என்ற முறையில் இதே பட்டியலில் இருக்கலாம். ஆசிரியருக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை. தெரியாது என்பதால்தான் எல்லாருடைய முகவரியையும் மறைத்தே அனுப்ப வேண்டும் என்கிறேன்.

இன்னொரு படி மேலே போவோம். அதே ஆசிரியர், பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்னால், மதிப்பெண் குறைந்த எட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதல் வகுப்பு வைக்கிறார். மெயில் தலைப்பு "கூடுதல் பயிற்சி". அந்த எட்டு முகவரிகளையும் திறந்து போட்டால், எந்தெந்த வீட்டுப் பிள்ளை தமிழில் தடுமாறுகிறது என்பதை எட்டு வீட்டுக்கும் எழுதி அனுப்பியதாக ஆகிவிடும். மெயிலுக்குள் ஒரு வார்த்தைகூட அப்படி இல்லை, ஆனாலும் பட்டியல் சொல்லிவிட்டது. பிசிசி பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: யார் யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதே ஒரு தகவல், பல சமயம் மெயிலுக்குள் இருப்பதைவிடப் பெரிய தகவல்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்த இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. லண்டன் சோஹோவில் 56 டீன் ஸ்ட்ரீட் என்று ஒரு பாலியல் சுகாதார மருத்துவ நிலையம். 2015 செப்டம்பரில் அங்கிருந்து ஒரு செய்திமடல் போனது, அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் எச்ஐவி உள்ளவர்கள். முகவரிகளை பிசிசியில் போடுவதற்குப் பதில் டூவில் போட்டுவிட்டார்கள். 781 பேர் பட்டியல், அதில் 730 முகவரிகளில் முழுப்பெயர் இருந்தது. மடலுக்குள் யாரைப் பற்றியும் எதுவும் இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருந்ததே போதுமானதாகிவிட்டது, தனக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்றை நூற்றுக்கணக்கான பேர் ஒரே நாளில் தெரிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு, அந்த நிலையத்தை நடத்திய மருத்துவமனை அறக்கட்டளைக்கு 180,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இரண்டாவது சம்பவம் இன்னும் கனமானது. 2021 செப்டம்பர், தலிபான்கள் காபூலைப் பிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிரிட்டனுக்காக வேலை செய்து, வெளியேறக் காத்திருந்த ஆப்கானியர் 245 பேருக்கு பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சிலிருந்து ஒரு மெயில் போனது, எல்லா முகவரியும் டூவில். அதில் 55 பேரின் கணக்குப் படமும் தெரிந்தது. இரண்டு பேர் எல்லாருக்கும் பதில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பதில் எழுதினார்கள், அவர்களில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையும் எழுதியிருந்தார். அந்தப் பட்டியல் தலிபான் கையில் கிடைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று தகவல் ஆணையர் அலுவலகம் சொன்னது, 2023 டிசம்பரில் 350,000 பவுண்டு அபராதமும் போட்டது. இரண்டு சம்பவத்திலும் நடந்தது ஒரே பிழைதான், முகவரிகள் ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டன.

இங்கே அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்காது என்று தோன்றலாம். ஆனால் சிங்கப்பூரில் நம்மவர் உலகம் ரொம்பச் சிறியது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் தெரிந்த முகம் நாலு தட்டுப்படும். குடும்ப ஆலோசனைக்குப் போகிறவர், கடன் சிக்கலுக்கு உதவி கேட்டவர், குடிப்பழக்கத்தை விட முயல்கிறவர், புற்றுநோய் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர் என்று ஏதாவது ஒரு ஆதரவுக் குழுவின் பட்டியல் வெளியே வந்தால், அதில் ஒரு பெயரையாவது மற்ற ஒருவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஒன்றுவிட்ட சித்தப்பாவாக இருக்கும், பழைய வகுப்புத் தோழியாக இருக்கும். பெரிய சமூகத்தில் ஒரு பெயர் கூட்டத்தில் கரைந்துபோகும், நம்மிடையே அப்படிக் கரையாது.

அப்புறம் மோசடிக்காரர்கள். முப்பது பேரில் ஒருவருடைய மெயில் கணக்கு யார் கையிலாவது சிக்கினால் போதும். ஆசிரியர் பெயர், வகுப்பு விவரம், எல்லாப் பெற்றோரின் முகவரி, எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். "இந்த மாதக் கட்டணத்தை இந்தப் புது பேநவ் எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று ஆசிரியர் பெயரில் ஒரு மெயில் எழுத அதற்கு மேல் என்ன வேண்டும்? பிசிசியில் போயிருந்தால், சிக்கிய கணக்கில் ஆசிரியர் முகவரி மட்டும்தான் இருந்திருக்கும்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? கடிதத்தையும் உறையையும் நினைத்துக்கொள்ளுங்கள். டூ, சிசி என்று நாம் படிக்கும் வரிகள் கடிதத்தாளில் எழுதியவை. ஆனால் மெயிலைக் கொண்டுபோகும் சர்வர்கள் அந்தத் தாளைப் பார்த்து வழி தேடுவதில்லை. உங்கள் சர்வர் அடுத்த சர்வருடன் எஸ்எம்டிபி என்ற முறையில் பேசும்போது, முதலில் அனுப்புநர் யார் என்று சொல்லும், பிறகு ஒவ்வொரு முகவரியாக "இவருக்கு, இவருக்கு" என்று தனித்தனியே சொல்லும். இதுதான் உறை. கடிதம் அதற்குப் பிறகுதான் போகும். பிசிசியில் போட்ட முகவரி உறையில் இருக்கும், கடிதத்தாளில் இருக்காது, அனுப்பும்போதே அந்த வரியை நீக்கிவிடுவார்கள். அதனால்தான் மெயில் சரியாக வந்து சேர்கிறது, பெயர் மட்டும் தெரிவதில்லை. எல்லாரையும் பிசிசியில் போட்டு டூவைக் காலியாக விட்டால், பெறுநர் யாரென்று காட்டப்படவில்லை என்பதுபோல் ஒரு வாசகம் அந்த இடத்தில் தெரியும்.

இதை வெறும் நம்பிக்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டாம், இரண்டு மெயில் கணக்கு இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரு கணக்கிலிருந்து, வீட்டில் வேறு ஒருவர் முகவரியை டூவிலும், உங்கள் இரண்டாவது கணக்கை பிசிசியிலும் போட்டு அனுப்புங்கள். டூவுக்கு வந்த பிரதியை, கணினியில் அவருடைய ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, அசல் வடிவத்தைக் காட்டும் "ஷோ ஒரிஜினல்" என்பதை அழுத்தினால், மெயிலின் முழுத் தலைப்பும் விரியும். எத்தனை தோண்டினாலும் இரண்டாவது கணக்கின் முகவரி கிடைக்காது. பிசிசியில் வந்த பிரதியில், பிசிசியில் இருப்பவர்களில் அதைப் பெற்றவரின் சொந்த முகவரி மட்டும் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிசிசி மறைப்பது மற்ற பெறுநர்களிடமிருந்து மட்டும்தான். உங்கள் சென்ட் பெட்டியில் முழுப் பட்டியலும் இருக்கிறது, உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வரிலும் பதிவாகிறது, அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள ஐடி பிரிவாலும் பார்க்க முடியும். மெயிலுக்குள் எழுதியதை அது பூட்டி வைப்பதும் இல்லை, கிடைத்தவர் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

பதில் அனுப்பும் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். டூவிலோ சிசியிலோ இருப்பவர் "ரிப்ளை ஆல்" அழுத்தினால் அது பிசிசியில் இருப்பவர்களுக்குப் போகாது. இது நல்லது, "சரிங்க", "நன்றி", "நான் வரவில்லை" என்று முப்பது பதில்கள் எல்லார் பெட்டியிலும் கொட்டுவது நின்றுபோகும். ஆனால் பிசிசியில் இருப்பவரே "ரிப்ளை ஆல்" அழுத்தினால், அனுப்பியவருக்கும் டூ, சிசியில் இருப்பவர்களுக்கும் போய்விடும், அவர் மறைந்திருந்து படித்தது அந்த நொடியே அம்பலமாகும். சக ஊழியருக்கு எழுதும் மெயிலில் முதலாளியை ரகசியமாக பிசிசியில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்காத பழக்கம். எழுதப்பட்டவருக்கு அது துரோகமாகத்தான் படும், வெளியே தெரிந்துவிடும் ஆபத்தும் எப்போதும் உண்டு. ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வெளிப்படையாக சிசியில் போடுங்கள், அல்லது அனுப்பிய பிறகு சென்ட் பெட்டியிலிருந்து தனியாக ஃபார்வர்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தால் அவர் எந்தப் பதில் பொத்தானை அழுத்தினாலும் அது உங்களுக்கு மட்டும்தான் வரும். இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல பயன் உண்டு: உங்களை இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைத்த நண்பரை, முதல் பதிலில் "நன்றி அண்ணா, உங்களை இனி பிசிசிக்கு மாற்றிவிடுகிறேன்" என்று சொல்லி நகர்த்திவிடலாம். அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு அவர் பெட்டியை நிரப்பாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2-இல் நடப்புக்கு வந்தன. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய மின்னஞ்சல் முகவரியும் தனிநபர் தகவலாகக் கொள்ளப்படும். வீட்டு விசேஷத்துக்கு உறவினர்களுக்கு மெயில் அனுப்பினால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது, சொந்த விஷயத்துக்கும் குடும்ப விஷயத்துக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் துணைப்பாட நிலையம், சங்கம், கூட்டுரிமை வீட்டு நிர்வாகம் எல்லாம் அமைப்பு என்ற கணக்கில் வரும், சிறியது என்பதால் மட்டும் தப்ப முடியாது. 2021 பிப்ரவரியிலிருந்து, கசிவு 500 பேரையோ அதற்கு மேலோ தொட்டாலோ, சம்பந்தப்பட்டவர்களுக்குக் கணிசமான தீங்கு வரக்கூடும் என்றாலோ, அதை உறுதிசெய்த மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அபராதத்தின் உச்சம் ஒரு மில்லியன் வெள்ளி. உள்ளூர் வருமானம் ஆண்டுக்குப் பத்து மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனம் என்றால், அந்த வருமானத்தில் பத்து விழுக்காடுவரை போகலாம். ஒரு வகுப்பு மெயிலுக்கு இந்தத் தொகை எல்லாம் வராது. ஆனால் நம்பித் தந்த முகவரியைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமை சிறிய அமைப்புக்கும் உண்டு.

செய்முறைக்கு வருவோம். டூவில் உங்கள் சொந்த முகவரி, பிசிசியில் மற்ற எல்லாரும். ஃபோனில் ஜிமெயில் என்றால் டூ வரியின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் பிசிசி தெரியும். ஐஃபோனின் மெயில் செயலியில் சிசி, பிசிசி சேர்ந்திருக்கும் வரியைத் தட்ட வேண்டும். கணினியில் பழைய அவுட்லுக் என்றால் ஆப்ஷன்ஸ் தாவலில் பிசிசியை ஒருமுறை போட்டுவிடுங்கள், பிறகு எழுதும் மெயில்களிலும் அந்த வரி தெரியும். முக்கியமான ஒன்று, மெயிலை முழுதாக எழுதி முடித்த பிறகு கடைசியாக முகவரிகளைப் போடுங்கள். பாதி எழுதும்போது கைபட்டு அனுப்பினாலும் யாருக்கும் போகாது. முகவரி போட்டதும் ஒரு மூச்சு நிறுத்தி, அது எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரம் வழக்கமாக ஐந்து நொடிதான், செட்டிங்ஸில் போய் அதை முப்பது நொடியாக மாற்றிவிடுங்கள், இன்றைக்கே. மெயில் போய்ச் சேர்ந்த பிறகு வெளியாள் பெட்டியிலிருந்து அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அவுட்லுக்கில் ரீகால் இருக்கிறதே என்பார்கள், அது ஒரே நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் பலிக்கும்.

ஆனால் பட்டியலே ரகசியமாக இருக்க வேண்டிய இடத்தில், ஆதரவுக் குழு, நோயாளிகள், உதவித்தொகை பெறும் குடும்பங்கள் போன்றவற்றுக்கு, பிசிசியை நம்பி இருக்காதீர்கள். களைப்பான ஒரு மாலையில் ஒரு கட்டம் தள்ளி ஒட்டினால் எல்லாம் போயிற்று. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் இதையேதான் சொல்கிறது, முக்கியமான தகவலுக்கு பிசிசி போதாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும்படி ஒரு சேவையைப் பயன்படுத்துங்கள் என்று. வேர்டில் இருக்கும் மெயில் மெர்ஜ் ஆளுக்கு ஒரு மெயிலாக அனுப்பும். செய்திமடல் சேவைகளும் அப்படியே. கூகுள் குரூப்ஸ் என்றால், உறுப்பினர் பட்டியலை நிர்வாகி மட்டும் பார்க்கும்படி அமைத்துவிட வேண்டும். பட்டியல் பெரிதாகிவிட்டால் எப்படியும் இவற்றுக்குத்தான் போக வேண்டியிருக்கும், சாதாரண ஜிமெயிலில் 500 பேரைத் தாண்ட விடமாட்டார்கள், நிறைய பேரை பிசிசியில் போட்ட மெயில் ஸ்பாம் பெட்டிக்குப் போகும் வாய்ப்பும் அதிகம்.

முகவரிகள் ஏற்கெனவே வெளியே போய்விட்டால்? மன்னிப்புக் கேட்கும் அவசரத்தில் அதே மெயிலுக்கு "ரிப்ளை ஆல்" போட்டுவிடாதீர்கள், அதே பட்டியல் இரண்டாவது முறையும் போகும். புதிதாக ஒரு மெயில் திறந்து, எல்லாரையும் பிசிசியில் போட்டு, என்ன நடந்தது என்பதை நேராகச் சொல்லி, முந்தைய மெயிலை அழித்துவிடும்படி கேளுங்கள். அப்படி ஒரு மெயில் உங்களுக்கு வந்தால், அனுப்பியவருக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதுங்கள், "அக்கா, எல்லார் முகவரியும் தெரிகிறது, அடுத்த முறை பிசிசியில் போடுங்களேன்" என்றால் போதும். அந்த முகவரிகளை எடுத்து உங்கள் சேலை விற்பனைக்கோ காப்புறுதி விளம்பரத்துக்கோ பயன்படுத்துவது மிகப் பெரிய தவறு, அவர்கள் உங்களுக்காக அதைத் தரவில்லை. வந்த மெயிலை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்யும்போதும், கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய முகவரி வரிகளை அழித்துவிட்டு அனுப்புங்கள், பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இதே கேள்வி வாட்ஸ்அப்பிலும் வரும், நம் வேலையில் பாதி அதில்தானே நடக்கிறது. குழுவில் சேர்த்தால் அதில் உள்ள எல்லாரும் மற்றவர் கைப்பேசி எண்ணைப் பார்க்கலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால் ஆளாளுக்குத் தனியாகப் போகும், யாருக்கும் யாரையும் தெரியாது, ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் முதல் வகுப்பு நாளிலேயே "என் நம்பரை சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். கூகுள் காலண்டரில் நிகழ்ச்சிக்கு அழைக்கும்போதும், அழைக்கப்பட்டவர் பட்டியல் எல்லாருக்கும் தெரியும்படிதான் முதலில் இருக்கும். கெஸ்ட் பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் "சீ கெஸ்ட் லிஸ்ட்" என்பதற்கு எதிரே இருக்கும் குறியை எடுத்துவிட்டு, அப்புறம் அழைப்பை அனுப்புங்கள்.